அறைக்கு அடித்த மருந்து

என் மாமனார் வீட்டில் எதற்கெடுத்தாலும் மருந்து அடித்துவிடுவார்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை, அவர்கள் தொழிலே அதுதான். கரப்பான், கறையான், மூட்டைப்பூச்சி என்று யார் வீட்டில் எது புகுந்தாலும் மாமாவுக்குத்தான் போன் வரும். முதுகில் மருந்து டப்பாவைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் போவார், முகமூடியும் குழாயுமாக என் கணவர் பின்னால் போவார். அறையின் நாலு மூலைக்கும் அடிப்பார்கள், கதவைச் சாத்துவார்கள், வாசலில் நின்று டீ குடிப்பார்கள். "மருந்து ஊறணும். அவசரப்பட்டுத் தொறந்தா அடிச்சதெல்லாம் வீண்," என்று அந்த வீட்டுக்காரர்களுக்கு மாமா பாடம் நடத்துவார். ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் அதே பாடம்தான். எந்தச் சமையலறையில் எத்தனை முறம் அள்ளினார்கள், எது செத்தது, எது மல்லாந்து கிடந்து இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தது என்று ஒன்று விடாமல் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டே மென்று விழுங்குவார்கள்.

சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா இருப்பவள் இந்த வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று நீங்கள் கேட்கலாம். நானாக விரும்பித்தான் கல்யாணம் செய்துகொண்டேன். அப்போதெல்லாம் என்னைப் பார்க்க வரும்போது அவர் நன்றாகக் குளித்துவிட்டு வருவார்.

குறை சொல்லக்கூடாது, ஆரம்பத்தில் எனக்காகச் சில காரியங்கள் செய்தார்கள். கீழ்த்தளத்தில் இருந்த மருந்து கேன்களைப் பின்பக்கக் கொட்டகைக்கு மாற்றினார்கள். வேலை உடுப்பைக் கழற்றாமல் மாடிக்கு வரக்கூடாது என்று மாமாவே சட்டம் போட்டார். நானும் என் மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டேன். பிரவுன் நிற இன்ஹேலர் காலையும் மாலையும், வீசிங் வருகிறதோ இல்லையோ, தவறாமல். நீல நிறம் அவசரத்துக்கு. அது கைப்பையின் அடியில் தூங்கிக்கொண்டிருக்கும், எப்போதாவதுதான் வெளியே வரும். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை எனக்கு. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று மைக்கில் சொல்ல வேண்டும். வழியில் இருக்கும் நிறுத்தங்களை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

பிறகு நான் உண்டானேன். அதோடு என் நுரையீரல் குடும்பச் சொத்தாகிவிட்டது.

முதல் தடவை டாக்டரிடம் போனபோதே நான் கேட்டுவிட்டேன், இன்ஹேலரை நிறுத்த வேண்டுமா என்று. அந்த டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துப் பேசினார்.

"நிறுத்தவே கூடாது. எல்லாரும் மருந்துக்குப் பயப்படுறாங்க. பயப்பட வேண்டியது வீசிங்குக்குத்தான். குழந்தைக்குன்னு தனியா மூச்சு கிடையாது, அம்மா இழுக்குற மூச்சுலதான் அது வளரணும். பிரவுன ஒரு வேளைகூட விடாதீங்க. நீலம் அடிக்கடி தேவைப்பட்டா உடனே வாங்க."

என் கணவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நன்றாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பினேன்.

வீட்டில் அத்தைக்கு அந்த இன்ஹேலர் என்றாலே ஆகாது. அதன் பெயரைச் சொல்ல மாட்டார், "அந்தக் கருமம்" என்பார். நான் மருந்தை இழுத்துப் பத்து எண்ணி மூச்சை அடக்கி நிற்கும்போது, ஏதோ நான் மறைவில் சிகரெட் பிடிப்பதைப் பார்த்துவிட்டதைப் போல முகத்தைத் திருப்பிக்கொள்வார். "வாயில வெச்சு அடிக்கிறியே, நேரா போய் புள்ள மேல படாதா," என்பார். நுரையீரல் மேலே, பிள்ளை கீழே, இரண்டுக்கும் நடுவே சுரங்கப்பாதை எதுவும் இல்லை என்று நான் படம் போட்டுக்கூடக் காட்டினேன். படத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கிட்டயா இருக்கு," என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் இருமினால் அத்தை பின்னாலேயே வாஷ்பேசினுக்கு வருவார். துப்பியதைக் குனிந்து பார்ப்பார். நான் குழாயைத் திறப்பதற்குள் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. பிறகு எல்லோரும் சாப்பிட உட்காரும்போது, "இன்னிக்கு வெள்ளையாத்தான் இருந்துச்சு," என்று பொதுவாக அறிவிப்பார். மாமா, "பரவால்ல," என்று சொல்லிக் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொள்வார். என் கணவர் தட்டைவிட்டுத் தலையை நிமிர்த்த மாட்டார். என் சளிக்கு அந்த வீட்டில் இருந்த மரியாதை எனக்கு இல்லை.

ஒருநாள் இன்ஹேலரோடு பொருத்தி இழுக்கும் பிளாஸ்டிக் குடுவையைக் காணோம். வீடெல்லாம் தேடினேன். கடைசியில் பின்பக்கத் தொட்டியில் கிடைத்தது. மருந்து அடிக்கும் குழாய்களின் மூக்குகளை ஊறப்போடும் அதே வாளியில், அதே அழுக்குத் தண்ணீரில், அவற்றோடு மிதந்துகொண்டிருந்தது. ஒரு கரப்பான் இறக்கையும் கூடவே மிதந்தது.

"எல்லாம் ஊதுற சாமான்தானே, ஒண்ணா கழுவிடலாம்னு போட்டேன்," என்றார் அத்தை. உதவி செய்தவருடைய முகம் அவருக்கு.

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் மாமாகூட மாடியிலிருந்து இறங்கி வந்தார். அந்தக் குடுவையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன். அதையும் நீல இன்ஹேலரையும் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். பிரவுன் மட்டும் எங்கள் படுக்கையறைக் கண்ணாடி அலமாரியில் இருந்தது. காலையும் மாலையும் வீட்டில் எடுப்பதுதானே, அதை எதற்கு வேலைக்குச் சுமந்துகொண்டு போவது என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் அத்தை ரொம்ப மாறிவிட்டார். இன்ஹேலர் விஷயத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வேலை முடிந்து வரும்போது எங்கள் அறை சாத்தியிருக்கும். "இப்பத்தாம்மா சுத்தம் பண்ணேன், கொஞ்ச நேரம் கழிச்சுப் போ," என்று என்னைக் கூடத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பார். பிறகு அவரே எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டு, "போய்ப் படு, நல்லா மூச்சு இழுத்து விடு," என்பார். எனக்குக் கொஞ்சம் மனசுகூட இளகிவிட்டது. பேரப்பிள்ளை வரப்போகிறது என்றதும் மனுஷி திருந்திவிட்டார் என்று என் அக்காவிடம் போனில் சொன்னேன். அக்கா, "ம்," என்றாள்.

ஆனால் என் மூச்சு மட்டும் மோசமாகிக்கொண்டே போனது. முதலில் படியேறினால் இரைத்தது. பிறகு பல் தேய்த்தால் இரைத்தது. கைப்பையின் அடியில் தூங்கிக்கொண்டிருந்த நீல இன்ஹேலர் மேசை மேலேயே குடிவந்துவிட்டது. மைக்கில் ஒரு ஊர்ப் பெயருக்கும் அடுத்த ஊர்ப் பெயருக்கும் நடுவே என் நெஞ்சு விசிலடிப்பது பேருந்து நிலையம் முழுக்கக் கேட்டது. மேலாளர் கூண்டுக்குள் தலையை நீட்டி, "ஏம்மா, ஸ்பீக்கர் கெட்டுப்போச்சுன்னு பயணிங்க புகார் சொல்றாங்க," என்றார். அவர் நல்ல மனிதர்தான், கிண்டல் செய்யவில்லை. எனக்குத்தான் அவமானமாக இருந்தது.

இதில் எனக்குப் புரியாதது ஒன்றுதான். பிரவுனை நான் ஒரு வேளைகூட விடவில்லை. குலுக்கினேன், அழுத்தினேன், புஸ்ஸென்று வந்தது, இழுத்தேன், அடக்கினேன். தொண்டையில் எப்போதும் இருக்கும் அந்தக் கசப்பு மட்டும் இல்லை. கர்ப்பத்தில் நாக்கு செத்துப்போகும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தை இருக்க வேண்டிய அளவைவிடச் சிறியதாக இருக்கிறது என்றார் டாக்டர். அப்புறம் என் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். இன்னொரு இடத்தில் வைத்துக் கேட்டார்.

"பிரவுன் எடுக்குறீங்களா?"

"எடுக்குறேன் டாக்டர்."

"தெனமும்?"

"தெனமும் ரெண்டு வேளை."

எப்படி எடுக்கிறேன் என்று செய்து காட்டச் சொன்னார். காட்டினேன். எல்லாம் சரிதான் என்றார். ஆனால் அவர் பார்வை சரியில்லை. பொய் சொல்லும் நோயாளியைப் பார்க்கும் பார்வை அது, எனக்குத் தெரியாதா என்ன. "மூச்சு இப்படியே இருந்தா குழந்தை எப்படிங்க வளரும்," என்றார். மருந்தின் அளவைக் கூட்டி எழுதிக்கொடுத்தார். என் கணவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் நான் அழுதேன். என் உடம்பு ஒரு பிள்ளையைக்கூட ஒழுங்காக வளர்க்கத் துப்பில்லாத உடம்பு என்று சொல்லி அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் சரியாயிடும்," என்றார். அந்தக் கையை இப்போது நினைத்தால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் போல இருக்கிறது.

பெரிய அளவு பிரவுன் வாங்கி அலமாரியில் வைத்தேன். ஒன்றும் மாறவில்லை.

ஒருநாள் மத்தியானம் மைக்கில் ஒரு வண்டியை அறிவிக்க ஆரம்பித்து என்னால் முடிக்க முடியவில்லை. பாதி வழியிலேயே மூச்சு நின்றது. மேலாளர் மைக்கை அவரே வாங்கிக்கொண்டு, "நீ வீட்டுக்குப் போம்மா, நேரா டாக்டர்கிட்ட போ," என்று அனுப்பினார். வீட்டுக்குப் போய் மருந்துகளையும் ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று வந்தேன்.

மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினேன். எங்கள் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மாமா நின்றார். வேலைக்குப் போடும் பெரிய முகமூடி போட்டிருந்தார், முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை. அத்தை கதவோரமாகத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். மாமாவின் கையில் என் பிரவுன் இன்ஹேலர் இருந்தது. அதைக் குலுக்கி, அறை மூலையைப் பார்த்து நீட்டி, அழுத்தினார். புஸ். அடுத்த மூலை. புஸ். கட்டிலுக்கு அடியில் குனிந்து ஒன்று. ஜன்னல் திரையில் ஒன்று. பிறகு என் தலையணையைத் திருப்பிப்போட்டு அதன் மேல் இரண்டு. வேலை தெரிந்தவர் அல்லவா, ஒரு இடம் விடவில்லை. முடித்துவிட்டு இன்ஹேலரை அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்தார், பின்பக்கமாக நடந்து வெளியே வந்தார், கதவைச் சாத்தினார். திரும்பினால் நான்.

முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "வந்துட்டியாம்மா, உள்ள போகாத, ஊறட்டும்," என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "என்ன மாமா பண்றீங்க?"

"ஒனக்குத்தாம்மா. மருந்து ஒனக்கும் வேணும், ஆனா புள்ள மேலயும் படக்கூடாது. நாங்க பூச்சிக்கு மருந்து அடிக்கறப்ப ஒவ்வொண்ணையும் புடிச்சு வாயத் தொறந்தா ஊத்துறோம்? ரூமுக்கு அடிச்சாப் போதும். அதுல இருந்தா தானா ஒடம்புல ஏறிக்கும். நீயும் அந்த ரூம்லதானே படுக்குற."

"நேரா அடிச்சா வேகம் ஜாஸ்தி," என்று அத்தை விளக்கினார். "இது மெதுவா, இதமா ஏறும்."

"அப்ப நான் ரெண்டு வேளையும் அடிச்சுக்குறது?"

அத்தை மாமாவைப் பார்த்தார். மாமா கையுறையைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

"அது வெறும் காத்தும்மா," என்றார் அத்தை. "புதுசு வாங்கின அன்னிக்கே முக்கால்வாசியும் ரூமுக்கு அடிச்சுருவோம். ரெண்டு மூணு நாள்ல மருந்து தீந்துரும், ஆனா காத்து வந்துட்டே இருக்கும். ஒன் மனசு திருப்திக்கு நீ அடிச்சுக்க, யாருக்கும் கெடுதல் இல்லேன்னு விட்டுட்டோம். இவரு இன்னிக்கு அடிச்சது அடில இருந்த மிச்சம்."

அவர் குரலில் ஒரு துளி குற்ற உணர்ச்சி இல்லை. உண்மையாகவே எனக்கு நல்லது செய்துகொண்டிருந்தார்கள் இரண்டு பேரும். இத்தனை நாளாக நான் காற்றை இழுத்து, பத்து எண்ணி, அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். அதை இவர்கள் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். என் மருந்தைக் கட்டிலும் சுவரும் திரையும் குடித்திருக்கின்றன. மாமாவின் நெற்றியில் இருந்த அந்த முகமூடியைப் பார்த்தேன். என் பிள்ளைக்கு ஆகாது என்று எனக்குத் தராத மருந்து தன் மூக்கில் ஏறிவிடக்கூடாது என்று மனிதர் எவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். கத்த மூச்சு வேண்டுமே. நெஞ்சுக்குள் கதவு சாத்தின மாதிரி ஆகிவிட்டது. அப்படியே படியில் உட்கார்ந்தேன். கைப்பையைக் கொட்டி நீல இன்ஹேலரைக் குடுவையில் பொருத்தி இழுத்தேன். மறுபடி இழுத்தேன். கொஞ்சமும் இறங்கவில்லை. கழுத்துச் சதை உள்ளே இழுபடுவது எனக்கே தெரிந்தது. அத்தை ஓடிவந்து என் முதுகைத் தேய்க்க ஆரம்பித்தார். அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

"வண்டிய எடுக்குறேன்," என்று மாமா கீழே ஓடினார். அவருடைய வண்டி என்றால் மருந்து கேன் ஏற்றும் வண்டி. அதன் கதவைத் திறந்ததுமே வாசம் மாடிக்கு வந்தது. அதில் ஏறினால் ஆஸ்பத்திரிக்குப் பிணம்தான் போய்ச் சேரும். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கித் தெருவுக்கு வந்து, அந்த வழியே போன டாக்சியை மறித்தேன். அத்தையும் முண்டியடித்து ஏறிக்கொண்டார். வழியெல்லாம் டிரைவரிடம், "சின்ன வயசுலேருந்து குழாய் பழக்கம், அதான்," என்று என் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஜன்னலில் முகத்தை வைத்து நீலத்தை இழுத்துக்கொண்டே வந்தேன். வயிற்றில் பிள்ளை அசைகிறதா என்று கையை வைத்துப் பார்த்தேன். அசையவில்லை. அந்தப் பயத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை.

ஆஸ்பத்திரியில் கேள்வி எதுவும் கேட்காமல் படுக்கவைத்து நெபுலைசர் மாஸ்க்கை மாட்டினார்கள். கையில் ஊசி ஏற்றினார்கள். வயிற்றில் பட்டையைக் கட்டினார்கள். ஒரு நர்ஸ் துடிப்புக் கேட்கும் கருவியை வயிற்றின் மேல் இங்கேயும் அங்கேயும் நகர்த்தினார். கரகரவென்று சத்தம்தான் வந்தது. பிறகு திடீரென்று குழந்தையின் இதயம் படபடவென்று ஓடும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. நான் மாஸ்க்குக்குள்ளேயே அழுதேன்.

மாஸ்க்கின் ஓரங்களில் மருந்து புகை புகையாகக் கசிந்துகொண்டிருந்தது. அத்தை அதை உன்னிப்பாகப் பார்த்தார். பிறகு நர்ஸிடம், "பாத்தீங்களா, ரூம்லதானே போகுது. நாங்க வீட்ல பண்ணதும் இதேதான்," என்றார்.

"என்ன பண்ணீங்க?" என்று கேட்டது நர்ஸ் இல்லை. பின்னால் வந்து நின்ற டாக்டரம்மா.

அத்தை பெருமையாகவே சொன்னார். நாலு மூலை, திரை, தலையணை, ஊறவைப்பது, எல்லாவற்றையும். டாக்டர் நடுவில் குறுக்கிடவே இல்லை. முடிந்த பிறகு என்னைப் பார்த்தார். போன தடவை பார்த்த பார்வைக்கு அந்த முகத்தில் வெட்கம் தெரிந்தது. அத்தையிடம் ஒரு வார்த்தை பேசாமல் என் கட்டிலருகே வந்து மெதுவாகச் சொன்னார்.

"குழந்தை சின்னதா இருக்கறதுக்கு இதான் காரணம்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஆஸ்துமா இப்படிக் கட்டுக்கடங்காம போனா எடை குறையும், சீக்கிரமே பொறந்துடவும் செய்யும். இன்னும் நேரம் இருக்கு. இனிமே ஒழுங்கா மருந்து உள்ள போனா நாம எடையப் புடிச்சுடலாம். உள்ள போகணும், அவ்வளவுதான்."

என் கணவர் சாயங்காலம் வேலையிலிருந்து நேராக வந்தார், அதே உடுப்போடு. அவர் அறைக்குள் காலை வைத்ததும் நர்ஸ் மூக்கைச் சுளித்து, "அங்கயே நில்லுங்க," என்றார். வாசலிலேயே நின்றார். அதற்குள் மாஸ்க்கைக் கழற்றிவிட்டிருந்தார்கள், என்னால் கொஞ்சம் பேச முடிந்தது.

"அத்தையும் மாமாவும் பண்ணது ஒங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

தெரியாது என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். சொல்லியிருந்தால் நம்பியும் இருப்பேன்.

"நான்தான் சொன்னேன்," என்றார்.

அத்தை கட்டில் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் அவ்வளவு சொன்னாங்களே. பக்கத்துலதானே ஒக்காந்திருந்தீங்க?"

"இருந்தேன். அவங்க சொன்னதும் கேட்டுச்சு. ஆனா எனக்கு மனசு ஒப்பல. மருந்து உள்ள போனா என்ன ஆகும்னு அவங்க புஸ்தகத்துல படிச்சிருப்பாங்க. நான் தெனமும் கண்ணால பாக்குறேன். காலையில அடிச்சுட்டு மத்தியானம் போய்க் கூட்டி அள்ளுறவன் நான். குட்டி குட்டியா செத்துக் கெடக்கும். நீ ஒவ்வொரு தடவ அத வாயில வெக்கறப்பவும் எனக்கு அதான் ஞாபகம் வரும். ஒங்கிட்ட சொன்னா ஒத்துக்க மாட்ட. அதான் ரூமுக்கு அடிக்கச் சொன்னேன்."

அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் இன்னும் கேவலமாக இருந்தது. என்னையும் எங்கள் பிள்ளையையும் இந்த மனிதர் எந்த முறத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார் பாருங்கள். ஸ்கேன் அறைக்கு வெளியே நான் என் உடம்பைத் திட்டிக்கொண்டு அழுதபோது, அந்த டப்பாவில் இருப்பது வெறும் காற்று என்று தெரிந்துகொண்டேதான் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

சில நாள் வைத்திருந்து, மூச்சு சீரானதும் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அன்று மூன்று பேரும் வந்துவிட்டார்கள். குளித்து, துவைத்த சட்டை போட்டு, தலை வாரி, கல்யாணத்துக்கு முன்னால் வருவாரே, அந்த மாதிரி என் கணவர் வந்தார். அக்காவும் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். ஆனாலும் நிஜத்தைச் சொன்னால், எங்கே போவது என்று அதுவரை நான் முடிவு செய்யவில்லை. மன்னிப்புக் கேட்டால், நிஜமாகவே உணர்ந்து கேட்டால், பார்க்கலாம் என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் கேட்டார். "தெரியாம பண்ணிட்டோம், இனிமே நடக்காது," என்றார். மாமா, "நாங்க படிக்காதவங்கம்மா," என்றார். அத்தை, "ரூம கழுவி விட்டுட்டேன், திரையெல்லாம் மாத்திட்டேன், வா," என்றார்.

நர்ஸ் புது இன்ஹேலரோடு வந்து, "காலை வேளை இன்னும் எடுக்கலல்ல, எடுத்துட்டுக் கெளம்புங்க," என்றார். அத்தை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். நான் குறுக்கே கையை விட்டு வாங்கினேன். குலுக்கினேன். அவர்கள் மூன்று பேரையும் பார்த்தபடியே குடுவையில் பொருத்தி, அழுத்தி, மெதுவாக இழுத்தேன். அந்தப் பழைய கசப்பு தொண்டையில் இறங்கியது. என் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி இருந்தது எனக்கு.

மூச்சை அடக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது என் கணவரைப் பார்த்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். கை அவரையறியாமல் வாயைப் பொத்தியிருந்தது. பின்னால் நின்ற அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ அங்கே துடிப்பது நின்றுவிடப் போகிறது என்று காத்திருப்பவர் மாதிரி.

டாக்டர் சொன்ன எதையும் இவர்கள் யாரும் நம்பவில்லை. மாட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். நாளைக்கு மறுபடியும் என் மருந்துக்கு ஒரு வழி கண்டுபிடிப்பார்கள், அதே அன்போடு.

மூச்சை விட்டேன். பையை எடுத்துக்கொண்டு வராந்தாவைப் பார்த்து நடந்தேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"எங்க போற? வீட்டுக்கு வா. ரூம் ரெடியா இருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து அவரை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு வாய்க்கு அது வரவில்லை.

"அந்த ரூம நீயே வெச்சுக்க," என்றேன். "அங்க இருக்கறது எனக்குச் சேர வேண்டிய மருந்து மட்டும் இல்ல. ஒன் புள்ளைக்குச் சேர வேண்டிய எடையும் அந்தச் சுவத்துலதான் இருக்கு. முடிஞ்சா சொரண்டி எடுத்துக் கொண்டு வா, அப்புறம் பேசலாம்."

"புருஷன நீன்னு பேசுறா பாரு," என்று பின்னால் அத்தை மாமாவிடம் சொன்னது கேட்டது. இத்தனை நாளில் அந்தப் பொம்பளைக்கு அருவருப்பாகப் பட்டது அது ஒன்றுதான்.